கம்பி பிடிக்காதவள்

மார்ச் 6, திங்கள்

தினமும் தலை எப்படிச் சுற்றுகிறது என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் பெனிட்டா. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எனக்கு நடை பழக்கும் பிசியோதெரபிப் பெண் அவள். "ரெண்டு வரி எழுதினாப் போதும்க்கா" என்றாள்.

சுற்றுகிறது. எழுதிவிட்டேன்.

ஆனால் ரெண்டு வரியோடு நிறுத்த எனக்கு வராது. இருபது வருஷமாகப் பஸ்ஸில் கத்திப் பழகியவள். என் பெயர் சண்முகக்கனி. அரசு பஸ் கண்டக்டர். அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவே ஓடுகிற வண்டி. எங்கள் டிப்போவின் முதல் பெண் கண்டக்டர் நான்தான். அப்பா டிரைவராக இருந்து சர்வீஸிலேயே போய்ச் சேர்ந்தார். அந்த வகையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். சேர்ந்த அன்றே டிப்போவில் பந்தயம் கட்டிவிட்டார்கள், இந்தப் பிள்ளை ஒரு வாரம் தாங்காது என்று. ஓடுகிற வண்டியில் நிற்கவே வராதாம். அன்றைக்கு முடிவு செய்தேன், கம்பியைப் பிடிப்பதில்லை என்று. இடுப்பைச் சீட்டு முனையில் லேசாகக் கொடுத்துவிட்டு ரெண்டு கையாலும் வேலை பார்ப்பேன். எந்த வளைவிலும் பிடித்ததில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஆண்கள் பிடிப்பார்கள், நான் பிடிக்க மாட்டேன். இது எனக்குப் பெருமைதான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி. புற்று இல்லை. போன மாதம் எடுத்தார்கள். கட்டியோடு அந்தப் பக்கத்துக் காது கேட்பதும் போனது, உடம்பு நேராக நிற்கிறதா என்று சொல்லும் நரம்பும் போனது. முகத்தில் இடது பாதி கொஞ்சம் தொங்குகிறது. அந்தக் கண் முழுதாக மூடாது, சொட்டு மருந்து விட்டுப் பிளாஸ்திரி ஒட்டித் தூங்குகிறேன்.

"போன நரம்பு திரும்ப வராதுக்கா. ஆனா மிச்சம் இருக்க காது, கண்ணு, கால் மூணையும் வச்சு மூளை புதுசாப் படிச்சுக்கிடும்" என்றாள் பெனிட்டா. படிக்கட்டும். எனக்கு மறுபடி வண்டியில் ஏறியாக வேண்டும்.

மார்ச் 9, வியாழன்

சுற்றுகிறது. காலையில் வாந்தி. மத்தியானம் ரசம் சாதம் வயிற்றில் நின்றது.

மார்ச் 14, செவ்வாய்

என் வீட்டுக்காரர் வேலாயுதம், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், காலையில் கட்டில் காலில் இருந்து குளியலறைக் கதவு வரைக்கும் தேங்காய் நார்க்கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"புடிச்சிட்டு நடக்கதுக்குத்தான்."

"மாட்டுக்குத்தான் கயிறு கட்டுவாவ. அவுத்துருங்க."

"கயித்துக்கு வாய் இருந்தா அதுவும் உங்கிட்டப் பேசப் பயப்படும்ளா" என்று சொல்லிவிட்டு அவிழ்க்காமலே கடைக்குப் போய்விட்டார். நானே அவிழ்த்தேன். அவிழ்க்கக் குனிய வேண்டியிருந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் காலத்துக்குத் தரை குளிர்ச்சியாக நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் கையைக் கொடுத்தார். கயிறு இல்லை என்பதால் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 21, செவ்வாய்

பெனிட்டா சுவரில் ஓர் எழுத்தை ஒட்டினாள். கண்ணை அதைவிட்டு எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்ப வேண்டும், எழுத்து அசையக் கூடாது. என் எழுத்து குதித்தது. நான் தலை திருப்புவதை நிறுத்திவிட்டேன்.

"ஏன்க்கா நிப்பாட்டிட்டீங்க?"

"சுத்துது."

"சுத்தட்டும். சுத்துனாத்தான் ஏதோ தப்பு நடக்குன்னு மூளைக்குத் தெரியும். அப்பத்தான் அது வேலை செய்யும். சுத்தலுக்குப் பயந்து கழுத்த விறைப்பா வச்சிட்டு நடக்கவங்க சரியாகவே மாட்டாங்க. உங்களுக்கு மருந்தே அந்தச் சுத்தல்தான்."

சின்னப் பெண்தான். ஆனால் குரலில் செக்கிங் இன்ஸ்பெக்டர் தோரணை இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் ஓர் எழுத்துக்குப் பதிலாகத் 'தென்காசி' என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆடுகிறதுதான். போகிற ஊராவது தெரியட்டும்.

ஏப்ரல் 11, செவ்வாய்

சுற்றல் குறைவு. பீரோவில் யூனிபார்மோடு கிடந்த விசிலை எடுத்து ஊதினேன். காற்று இடது கடைவாயோரம் புஸ்ஸென்று போனது. எச்சில்தான் வந்தது. மறுபடி ஊதினேன், மறுபடி எச்சில். இடது உதட்டை விரலால் அழுத்திக்கொண்டு ஊதினால் சத்தம் வருகிறது. ஆனால் ஒரு கையை உதட்டுக்குக் கொடுத்துவிட்டால் வேலையை யார் பார்ப்பது? கண்ணாடி பார்க்காமல் இருந்திருக்கலாம். இன்று கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 29, சனி

விசில் வந்துவிட்டது! கை இல்லாமல்! தெருவில் போன ஆட்டோக்காரர் பிரேக் போட்டு நின்று, "யாரும்மா கூப்பிட்டது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வெளியே போய் சமாதானம் சொல்லி அனுப்பினார். நான் இன்னொரு தடவை ஊதினேன்.

மே 3, புதன்

மைதீன் அண்ணாச்சி பார்க்க வந்தார். மைதீன் பிச்சை, என் வண்டியின் டிரைவர். ரொம்ப வருஷமாக நாங்கள் ஒரே ஜோடி. அவர் வண்டியை ஓட்டுவதில்லை, விரட்டுவார். பொட்டல்புதூர் தாண்டிக் கால்வாய் வளைவு ஒன்று இருக்கிறது, முதலில் வலது, நிமிர்வதற்குள் இடது. அதில் கூட வேகத்தைக் குறைக்க மாட்டார். எனக்குக் கம்பி எப்படியோ அவருக்கு நேரம் அப்படி. ஒரு நிமிஷம் பிந்திப் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். கீழே தலையணையைப் போட்டு அதன்மேல் ஏறி, கையைக் கட்டி, கண்ணை மூடி நின்று காட்டினேன். பெனிட்டா கொடுத்த பயிற்சி. நன்றாகத்தான் நின்றேன். கண்ணைத் திறந்தபோது அண்ணாச்சி எனக்குப் பக்கத்தில் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார், கோழி பிடிக்கிறவர் மாதிரி.

"டைம்கீப்பர் ரூமுக்கு மாத்திக் கேளேன்மா" என்றார்.

"நீங்க வேணும்னா போங்க அண்ணாச்சி."

 டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் கண் சிவந்திருந்தது. எங்கள் தெருவில் தூசி ஜாஸ்தி.

ஜூன் 19, திங்கள்

சாயங்காலம் ரோட்டோர வெள்ளைக் கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கிறேன், தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே. பஞ்சாயத்து பம்ப் செட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "கனியக்கா கூட தண்ணியடிக்க ஆரம்பிச்சிட்டாவளோ" என்றான். அவன் ஒரு நாளாவது அந்தக் கோட்டில் நேராக நடந்து வீட்டுக்குப் போனதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அதையே அவனிடம் சொன்னேன். மற்றபடி நல்ல நடை.

ஜூலை 27, வியாழன்

டிப்போவுக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். கெட்டவரென்றால் சண்டை போடலாம்.

"டைம்கீப்பர் ரூம்ல ஒரு சீட் இருக்கும்மா. ஃபேனுக்குக் கீழ. சம்பளத்துல ஒண்ணும் குறையாது. எதுக்கு உடம்ப வருத்திக்கிடணும்?"

"அந்தச் சீட்ல உக்காந்தா திரும்ப வண்டியில ஏத்துவீங்களா சார்?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். ஏற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு வந்த ரெண்டு பெண் கண்டக்டர்கள் வாசலில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள் என்பதும் தெரியும்.

கடைசியில் இப்படி முடிந்தது. ஆகஸ்ட் 16 முதல் செப்டம்பர் முடிய வண்டியில் போய்ப் பார்க்கலாம். இடையில் விழுந்தால், எனக்கோ பயணிக்கோ ஏதாவது ஆனால், அன்றோடு ஃபேனுக்குக் கீழே.

ஆகஸ்ட் 16, புதன்

ஏறிவிட்டேன்.

காக்கிச் சட்டை தொளதொளவென்று இருக்கிறது. முதல் டிரிப்பிலேயே ஒரு விஷயம் பிடிபட்டது. ஏறுகிற படி ரெண்டும் வண்டிக்கு இடது பக்கம். முன்னே பார்த்து நின்றால் செத்த காது படிப்பக்கம் போய்விடுகிறது, இறங்குகிறவர் கத்துவது கேட்காது. அதனால் பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் வருகிற வளைவு கண்ணுக்குத் தெரியாது. காது வேண்டுமா கண் வேண்டுமா என்றால் கண்டக்டருக்குக் காதுதான். முதுகை டிரைவருக்குக் கொடுத்து நின்றேன். போகவர ஒரு தள்ளாட்டம் இல்லை. கால்வாய் வளைவில் கம்பி பிடிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது, "சரி சரி, இறங்கும்போது பாத்து இறங்கு" என்றார். அவ்வளவுதான் அந்த மனுஷருக்குச் சந்தோஷப்படத் தெரியும்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தடவை கூடக் கால் பிசகவில்லை. பெனிட்டாவிடம் போனில் சொன்னேன். "தலை சுத்துதாக்கா?" என்றாள். சுத்தவே இல்லை என்றேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "ஓடுற வண்டியில சுத்தவே இல்லையா?" என்று ஒருமாதிரி இழுத்தாள். நம் முன்னேற்றம் பிசியோதெரபிக்காரர்களுக்கே நம்ப முடியவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

மைதீன் அண்ணாச்சிக்கு வயசாகிவிட்டது. எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு டிரிப்பும் பிந்துகிறது. வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே காலை எடுத்துவிடுகிறார். நேற்றுப் பிரைவேட் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. பழைய அண்ணாச்சியாக இருந்தால் விட்டிருப்பாரா? "கண்ணு பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, புரை இருக்கான்னு" என்றேன். "பாக்கணும்மா" என்றார்.

செப்டம்பர் 14, வியாழன்

நான் இல்லாத மாதங்களில் பயணிகள் எல்லாம் திருந்திவிட்டார்கள். சரியான சில்லறையோடு காத்திருக்கிறார்கள். படியில் தொங்குவதில்லை. நான் நிற்கிற இடத்தைச் சுற்றி ஒருவரும் இடிப்பதில்லை, வாழையிலைக் கட்டு கொண்டுபோகும் பிரம்மநாயகம் கூட அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்கிறார். முன்பெல்லாம் அந்தக் கட்டுக்காக அவரோடு சண்டை போடாத நாள் கிடையாது. கண்டிப்பானவள் திரும்பி வந்துவிட்டாள் என்ற பயம் இருக்கிறது. இருக்கட்டும்.

செப்டம்பர் 28, வியாழன்

விழுந்துவிட்டேன்.

இன்று மிலாடி நபி. அண்ணாச்சிக்கு லீவு. வேறு டிப்போவிலிருந்து செல்வின் என்று ஒரு டிரைவர் வந்தார். வேகமாக ஒன்றும் ஓட்டவில்லை. எல்லா டிரைவரும் ஓட்டுகிற மாதிரித்தான் ஓட்டினார். ஆழ்வார்குறிச்சி தாண்டுவதற்குள் தலை பம்பரமாகச் சுற்றியது. கால்வாய் வளைவில் வண்டி வலது ஒடிந்து இடது திரும்பியது. தரை எங்கே போனது என்று தெரியவில்லை. பிரம்மநாயகத்தின் மடியில், வாழையிலைக் கட்டின்மேல், மல்லாக்கக் கிடந்தேன். டிக்கெட் மெஷின் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. இலைகள் கிழிந்தன. எனக்கு அடி இல்லை. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை.

"விட்டுருப்பா, மெதுவாப் போ. கண்டக்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு மைதீன் அண்ணாச்சி சொல்லலையா உங்கிட்ட?" என்று பிரம்மநாயகம் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணாச்சி என்ன சொன்னாவ?" என்றேன்.

அவர் இலையை அடுக்கிக்கொண்டே முகத்தைத் திருப்பினார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். ஆகஸ்டில் நான் ஏறுவதற்கு முந்தின நாள், அண்ணாச்சி தினசரி வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துப் பேசியிருக்கிறார். "கனி வருது. வண்டி மெதுவாத்தான் போகும். சில்லறையச் சரியாக் குடுங்க, பக்கத்துல நெருக்காதீங்க, யாரும் அதுக்குத் தெரியும்படி காட்டிக்கிடாதீங்க. லேட்டாவுதுன்னு சொல்லுதவன் அடுத்த பஸ்ல வரட்டும்."

அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் எதையும் பிடிக்காமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றதை எல்லாரும் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

செப்டம்பர் 29, வெள்ளி

காலையில் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அண்ணாச்சியைப் பிடித்தேன்.

"நான் உங்ககிட்டப் பிச்சை கேட்டேனா?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கிளாஸைப் பார்த்துக்கொண்டு, "விழுந்தியாமே. அடி பட்டுதா?" என்றார்.

"பேச்ச மாத்தாதீங்க. அந்தப் பிள்ளை பெனிட்டா தலைபாடா அடிச்சிக்கிடுது, சுத்துனாத்தான் மூளை படிக்கும்னு. நீங்க சுத்தவே விடலியே! ஒரு மாசத்துக்கு மேல பஸ்ஸத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க. நானும் கோட்டிக்காரி மாதிரி பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

"நீ அன்னைக்குத் தலகாணியில நின்ன பாத்தியா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பிறகு, "எனக்குக் கைகாலு ஆடிட்டும்மா. நீ பின்னால விழுந்தா நான் எப்படி ஸ்டியரிங்கப் புடிப்பேன்?" என்றார்.

நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன். பெனிட்டாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு மாசமா நின்ன பஸ்ஸுல நின்னுருக்கீங்கக்கா" என்றாள். திட்டவில்லை. நிஜமான ஓட்டத்தில் நான்கைந்து வாரம் கிடைத்தால் பாதிக்கு மேல் சரியாகும் என்றாள். நான்கைந்து வாரம் எங்கே இருக்கிறது? நாளையோடு கெடு முடிகிறது.

செப்டம்பர் 30, சனி

மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். "ஒரு புகார் இல்லம்மா. ரொம்ப சந்தோஷம். நீங்க வண்டியிலயே இருக்கலாம்" என்றார். நேற்று முன்தினம் நடந்தது அவர் காதுக்கு வரவில்லை. செல்வினும் சொல்லவில்லை, பயணிகளும் சொல்லவில்லை.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கை கொடுத்தது எனக்கு இல்லையே.

"நான் வியாழக்கிழமை விழுந்துட்டேன் சார்" என்றேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"எனக்குத் தெரியுமே சார். அது என் மாசம் இல்ல. மைதீன் அண்ணாச்சி மாசம். எனக்குன்னு ஒரு மாசம் வேணும்."

"அதான் விஷயமா" என்று அவர் மேஜைக் கண்ணாடியைத் தட்டினார். "மைதீனுக்கு லேட்டுக்கு மூணு மெமோ கொடுத்திருக்கேன். மூணுக்கும் இன்ஜின் இழுக்கலன்னு எழுதிக் கொடுத்தாரு. மெக்கானிக் இன்ஜினப் பிரிச்சுப் பாத்து, ஒண்ணும் இல்லியேன்னு தலையச் சொறிஞ்சிட்டு நிக்கான்."

மைதீன் அண்ணாச்சிக்கு மெமோ! இத்தனை வருஷ சர்வீஸில் நேரத்துக்காக ஒரு மெமோ வாங்காத மனுஷர். அவருக்கு இருந்த ஒரே பெருமை அது. அதை எடுத்து எனக்குக் காலுக்கடியில் போட்டிருக்கிறார். நானோ கண்ணில் புரை இருக்கா என்று கேட்டேன்.

மேனேஜர் அக்டோபர் முடிய விட்டார். "இந்தத் தடவை விழுந்தா நீங்களே வந்து அந்தச் சீட்ல உக்காந்துரணும். நான் கூப்பிட மாட்டேன்." சரி என்றேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

அண்ணாச்சியிடம் பழையபடி ஓட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். "அப்ப வேற டிரைவர் கேட்டு எழுதிக் குடுத்துருவேன்" என்றேன். என்னை முறைத்தார். ஓட்டினார். ஆனால் உள் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார், நான் அசைந்தால் அவர் கால் பிரேக்குக்குப் போனது. ஆழ்வார்குறிச்சியில் வண்டி நின்றபோது முன்னால் போய், கண்ணாடியை மேலே கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். "பயணிகளப் பாக்க நான் இருக்கேன். நீங்க ரோட்டப் பாருங்க."

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கழிப்பறைக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பும் டிரிப்புக்கு ஏறினேன். சுற்றுகிறது. நன்றாகச் சுற்றுகிறது.

அக்டோபர் 5, வியாழன்

சுற்றுகிறது. இடுப்பில் சீட்டு முனை இடித்து இடித்து நீலம் பாய்ந்திருக்கிறது. இவர் தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது மூச்சைப் பெரிது பெரிதாக விட்டார்.

அக்டோபர் 9, திங்கள்

பிரம்மநாயகத்தின் இலைக்கட்டு மறுபடி நடைபாதைக்கு வந்துவிட்டது. நான்தான் எல்லாரிடமும் கெஞ்சினேன், பழையபடி இருங்கள் என்று. கேட்டவுடன் முதல் ஆளாகப் பழையபடி மாறினது அவர்தான். நன்றி சொல்ல முடியாது, காலில் இடிக்கிறது.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்று ஒரு சங்கதி கண்டுபிடித்தேன். பெனிட்டாவுக்கே தெரியாத சங்கதி.

பின்பக்கம் பார்த்து நிற்கிற எனக்கு ரோடு தெரியாது. ஆனால் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் எனக்குத் தெரிகிறார்கள். தினமும் வருகிற ஜனம். வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் தோள் ஒரு பக்கம் இறுகுகிறது. பை வைத்திருக்கிற கை பையை அணைக்கிறது. பேச்சு ஒரு நொடி நிற்கிறது. அது தெரிந்ததும் நான் பாதத்தை அகட்டிவிடலாம். ரோட்டை முகங்களில் படித்துக்கொண்டே வந்தேன். மத்தியான டிரிப்பில் ஒரு தள்ளாட்டம்தான். பெனிட்டாவிடம் போனில் சொன்னேன். "அக்கா, இத நான் எழுதி வச்சிக்கிடட்டா?" என்றாள். தாராளமாக எழுதிக்கொள் என்றேன்.

அக்டோபர் 20, வெள்ளி

இன்று ஒருமுறை கம்பியைப் பிடித்தேன். நாய் குறுக்கே வந்ததால் அண்ணாச்சி பிரேக் அடித்தார். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் விழவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

சுற்றல் காலையில் மட்டும். தென்காசிக்கு நேரத்துக்குப் போனோம். அண்ணாச்சி இறங்கி டைம்கீப்பர் அறை ஜன்னலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரெண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

அக்டோபர் 31, செவ்வாய்

கெடுவின் கடைசி நாள். சாயங்கால டிரிப்பில் நல்ல கூட்டம். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எனக்கு மங்கல் வெளிச்சம்தான் எதிரி, கண் உதவாது. அதனால் முகங்களைக் கெட்டியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொட்டல்புதூர் தாண்டியதும் யாரோ என் தோளில் ஓங்கித் தட்டினார்கள். டிரைவர் பக்கத்துச் சீட்டு வரிசையில், மடியில் பெரிய சூட்கேஸோடு ஒரு பெண். மதுரைப் பக்கத்துப் பேச்சு. இந்த ரோட்டுக்குப் புதுசு. என் செத்த காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"எம்புட்டு நேரமாக் கூப்பிடுறேன்! பண்ணை விலக்குல இறங்கணும்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன், காது கேக்காத மாதிரி நிக்கிற!"

"பண்ணை விலக்குல இந்த வண்டி நிக்காது. கடையத்துல இறங்கி வேற வண்டி புடிக்கணும்."

"அதத் திரும்பிப் பாத்துச் சொன்னா என்ன? கண்டக்டர்னா அம்புட்டுத் திமிரா?"

பிரம்மநாயகம் பதறி எழுந்தார். "யம்மா, அவுகளுக்கு அந்தக் காது..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் உடனே 'ஐயோ பாவம்' என்று அடங்கியிருப்பாள். எனக்கு அது வேண்டாம். ஆகஸ்டில் நான் ஏறினதில் இருந்து என்னை ஒரு மனுஷியாக நினைத்துச் சண்டை போட்ட முதல் ஆள் அவள்தான். எனக்கு என்னவோ உற்சாகம் வந்துவிட்டது.

"ஆமா, திமிருதான்! ஏறும்போதே முன்னால போர்டு இருக்கு, படிச்சிட்டு ஏறணும். இது ஒங்க வீட்டுக் காரா, சொன்ன எடத்துல நிப்பாட்டதுக்கு?"

"பொம்பளைக்கு வேலை குடுத்தா இப்பிடித்தான்."

"ஏன், ஆம்பளை ஓட்டுனா மட்டும் பண்ணை விலக்குல நிக்குமோ?"

ரெண்டு கையையும் நீட்டி நீட்டி நன்றாகவே சண்டை போட்டேன். இருபது வருஷத்துப் பழக்கம், அதுவாக வருகிறது. நடுவில் அவள் சூட்கேஸோடு சரிந்து என்மேல் சாய்ந்தாள், உடனே அந்தப் பக்கம் பக்கத்தில் இருந்தவர்மேல் மோதினாள். அடிக்கத்தான் வருகிறாளோ என்று நினைத்து, "கைய நீட்டாதீங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டுருவேன் வண்டிய" என்று கூடச் சொன்னேன். கடையத்தில் அவள் திட்டிக்கொண்டே இறங்கினாள். நானும் படியில் நின்று, அவள் கூட்டத்தில் மறைகிறவரை பதில் சொன்னேன்.

தென்காசியில் அண்ணாச்சி ரெண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சத்தம் கேட்டுது, திரும்பிப் பாக்க முடியல. கண்ணாடியும் இல்ல. பின்னால பிரைவேட்காரன் ஒட்டிக்கிட்டு வாரான், வேகத்தக் குறைக்க முடியல. அந்த வேகத்துல நான் அந்த வளைவ ஒடிச்சதே இல்லம்மா. நீ எதப் புடிச்சிட்டு நின்ன?"

"எந்த வளைவு?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"கால்வாய் வளைவு கனி."

அந்தப் பெண் ஏன் அங்கும் இங்கும் சரிந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.  அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டு நடுவில், ஜனம் போகவர, கையில் சூடாக டீயோடு நான் தேம்பித் தேம்பி அழுதேன். எதையும் பிடிக்காமல்தான் நின்று அழுதேன்.